சோறு போட்டால் நாவல் கேட்க ஆள் வருமா?

பிப்ரவரி 2, 2025, இரவு 9.40

ஒரு வாசகர் இங்கே இப்படி எழுதியிருக்கிறார்: "வெளிநாட்டில் மதிய விருந்து வைத்து, அதில் நாவலாசிரியரைப் புது நாவல் பற்றிப் பேசவிடுகிறார்களாம். நம் ஊரில் அப்படி வைத்தால் சோற்றுக்குத்தான் ஆள் வரும், நாவலுக்கு வராது. யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்திருக்கிறேன். ஒரு முறை சாப்பிட்டவளாக, ஒரு முறை கரண்டி பிடித்தவளாக. முதலாவது இங்கிலாந்தில், ஹாரோகேட் என்ற ஊரில், 2023 அக்டோபரில். இரண்டாவது பாளையங்கோட்டையில், என் வீட்டு மொட்டைமாடியில். விவரமாக எழுத வேண்டும். இப்போது அடுப்பில் பால்.

பிப்ரவரி 3, காலை

மகள் லீட்ஸில் இருக்கிறாள். அங்கிருந்து ஹாரோகேட்டுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அவளுடைய பக்கத்து வீட்டு அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ், இந்த மாதிரி விருந்துகளுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று முறை போகிறவர். கூட வரவேண்டிய தோழிக்கு முட்டி ஆபரேஷன். டிக்கெட் வீணாகிறதே என்று என்னைக் கூப்பிட்டார். ஆக, நான் ஓசியில் போனவள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் 30 பவுண்ட் என்றார்கள். நம் காசுக்கு மூவாயிரம். அதில் இங்கே பத்து நாவல் வாங்கிவிடலாம் என்று ரயிலில் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

பழைய ஹோட்டல் ஒன்றின் பெரிய கூடம். வட்ட மேஜைகள், மேஜைக்குப் பத்துப் பேர். சுமார் 120 பேர் இருக்கலாம். ஆண்களை எண்ணினேன்: பதினொன்று. எல்லாத் தலையும் வெள்ளி. நான் ஒருத்திதான் டை அடித்திருந்தேன்.

முதலில் சூப், ரொட்டி. பிறகு மற்றவர்களுக்குக் கோழி. எனக்குக் காளான் போட்டுக் குழைந்த சோறு. ரிஸோட்டோ என்கிறார்கள். எங்கள் பக்கம் அதைப் 'புது மருமகள் வடித்த சோறு' என்போம். அப்புறம் ஒரு இனிப்பு, காபி. எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் ஸ்பூனால் கிளாஸைத் தட்டினார். நாவலாசிரியர் எழுந்தார்.

மாலை இல்லை, பொன்னாடை இல்லை. அறிமுகம் இரண்டே நிமிடம். வாழ்த்துரை எங்கே என்று நான் தேடினேன். கிடையாதாம்.

பிப்ரவரி 3, மாலை

என்ன பேசினார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய பெயர் வேண்டாம். அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன்.

ஹாரோகேட்டுக்குப் பக்கத்தில் த்ரஸ்கிராஸ் என்று ஒரு நீர்த்தேக்கம். அணை முடிந்தது 1966இல். லீட்ஸுக்குக் குடிதண்ணீர் கொடுக்க வெஸ்ட் எண்ட் என்ற சிற்றூரை முழுகடித்திருக்கிறார்கள். தண்ணீர் நன்றாக இறங்கும் கோடையில் பழைய சுவர்கள் வெளியே தெரியுமாம். அந்த மாதிரி முழுகிப்போன ஊர் ஒன்றுதான் அவருடைய புது நாவல்.

இருபது நிமிடம் பேசினார். அதில் கதை எதுவுமே இல்லை! யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள், யார் செத்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வறண்ட கோடையில் சேற்றில் இறங்கி நடந்ததைச் சொன்னார். ஒரு வீட்டின் வாசற்படிக்கல்லைப் பார்த்தாராம், நடுவில் தேய்ந்து குழிந்திருந்ததாம். "அந்தக் குழியை மிதித்தே உண்டாக்கிய கால்கள் எங்கே போயின என்று யோசித்தேன், அவ்வளவுதான்" என்றார். பிறகு இரண்டு பக்கம் வாசித்தார். ஒரு கிழவி வீட்டைக் காலி செய்யும் நாளில் அடுப்பில் கடைசியாக நெருப்பு மூட்டுகிறாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. அங்கே நிறுத்திப் புத்தகத்தை மூடிவிட்டார்.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. வாரப் பத்திரிகையில் 'தொடரும்' போடுகிற வித்தை இது. சாப்பாடு போட்டு, காபி கொடுத்து, கதவைத் தட்டவிட்டு, "மீதி அந்த மேஜையில் விற்பனைக்கு இருக்கிறது" என்றால் அது இலக்கியமா, வியாபாரமா?

புத்தகம் 20 பவுண்ட். வாங்கினேனா? வாங்கினேன்.

பிப்ரவரி 4

"வியாபாரம் என்றால் கேவலமா?" என்று சென்னையிலிருந்து ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். இல்லைங்க. இந்த வழக்கத்தைப் பிரபலமாக்கியதே ஒரு புத்தகக் கடைதான். லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் இருக்கும் ஃபாயில்ஸ். 1930இல் கடைக்காரரின் மகள் கிறிஸ்டினா மதிய விருந்துகளை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 19. வாசகர்கள் காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள், எழுத்தாளர் பேசுவார், புத்தகம் விற்கும்.

அந்தக் கடை பிறந்த கதை இன்னும் ருசி. வில்லியம், கில்பர்ட் என்று அண்ணன் தம்பி. அரசு வேலைக்குப் பரீட்சை எழுதித் தோற்றார்கள். இனி எதற்கு என்று பாடப் புத்தகங்களை விற்க விளம்பரம் கொடுத்தார்கள். கேட்டு வந்த ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்து, இதுதான் தொழில் என்று 1903இல் கடையைத் தொடங்கிவிட்டார்கள். நம் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளிலும் இப்படித் தோற்றவர்களின் புத்தகங்களை வாங்கிப் பாஸானவர்கள் எத்தனை பேர்! (அது 1985இல் எரிந்துபோனது. என் சித்தப்பா ஒரு வாரம் துக்கம் காத்தார்.)

அந்தக் கிறிஸ்டினா அம்மா கடையை நடத்திய காலத்தில் புத்தகம் வாங்க மூன்று வரிசையில் நிற்க வேண்டுமாம். ஒன்றில் பில், அடுத்ததில் பணம், மூன்றாவதில் புத்தகம். நம் கதர்க்கடை நடைமுறை. லண்டனில் இதைக் கிறுக்குத்தனம் என்று எழுதுகிறார்கள். எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 6

ஒரு திருத்தம். டிக்கெட் 30 பவுண்ட் இல்லையாம், 36. மகள் பக்கத்து வீட்டில் கேட்டுச் சொன்னாள். "அம்மா, நீ எழுதுவதை நான் படிக்கிறேன், அந்த ரிஸோட்டோ நன்றாகத்தான் இருந்தது என்று அன்றைக்குச் சொன்னாயே" என்றும் கேட்டாள். விருந்தாளியாகப் போன இடத்தில் வேறென்ன சொல்வதாம்.

பிப்ரவரி 7, அதிகாலை, தூக்கம் வரவில்லை

நம் ஊர்ப் புத்தக வெளியீட்டு விழாக்களை நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை போயிருப்பேன், நாற்பது இருக்குமா? மாலை 5.30 என்று அழைப்பிதழ், ஆரம்பிக்க 6.30. வரவேற்புரை, தலைமையுரை, நூல் வெளியிடுபவர், பெற்றுக்கொள்பவர், பெற்றுக்கொண்டவரும் 'ஒரு சில வார்த்தைகள்', வாழ்த்துரை மூன்று, திறனாய்வு ஒன்று. ஏற்புரைக்கு நாவலாசிரியர் வரும்போது மணி ஒன்பது. கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்துவிட்டார்கள். அவரும் "நேரம் கருதி" என்று நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார். எழுதியவர் நான்கு நிமிடம் பேசுவார், எழுதாதவர்கள் இரண்டரை மணி நேரம்.

அதைவிடப் பெரிய கொடுமை, திறனாய்வு செய்பவர் முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை கதையை ஒப்பித்துவிடுவார். "இறுதியில் முருகேசன் அந்தக் கிணற்றிலேயே..." என்று அவர் சொல்லும்போது என் பையில் அப்போதுதான் 350 ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகம் பிரிக்காமல் இருக்கும். அப்படிக் கேட்ட நாவல்கள் ஏழெட்டு இன்னும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. கதைதான் தெரிந்துவிட்டதே.

யோசித்தால் சிக்கல் புரிகிறது. புது நாவலை யாரும் இன்னும் வாசித்திருக்க மாட்டார்கள். வாசிக்காதவர்கள் முன்னால் அதைப் பற்றி எப்படித்தான் பேசுவது? நம் ஆட்கள் மொத்தத்தையும் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஹாரோகேட் எழுத்தாளர் அம்மா ஒரு வாசற்படியை மட்டும் சொன்னார். 3ஆம் தேதி அதை வித்தை என்று எழுதினேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மன்னிக்கவும், ஒன்று விட்டுப்போனது. புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் வரிசை. கடைக்காரப் பெண் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து, யார் பெயர் போட வேண்டுமோ அதை எழுதி முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னாள். எழுத்தாளர் பெயரைக் கேட்டுத் தடுமாறாமல் இருக்க. நல்ல ஏற்பாடு, நம் புத்தகக் கண்காட்சிக்காரர்கள் கவனிக்கவும். நான் என் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டினேன், குறும்புதான். அந்த அம்மா அசரவில்லை. கோலம் போடுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்தார். ழகரத்தின் வால் மட்டும் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

பின்னால் ஆட்கள் நிற்கிறார்களே என்று பார்க்காமல் நான் மேட்டூரைப் பற்றிச் சொன்னேன். 1934இல் அணை முடிந்து, நீர்த்தேக்கத்தில் ஊர்கள் முழுகியதை. தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தி தலை தூக்கும், ஒரு சர்ச்சின் கோபுரமும் தெரியும் என்று. என் ஆங்கிலம் டெலிபோன் ஆபரேட்டர் ஆங்கிலம். "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்" மட்டும் சுத்தமாக வரும். எப்படியோ சொல்லிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நந்தி எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அறுபத்தைந்து வயதில் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

திரும்பும்போது பக்கத்து வீட்டு அம்மா ஊர்ப் பெருமை பேசினார். 1926 டிசம்பரில் அகதா கிறிஸ்டி பதினோரு நாள் காணாமல் போய், நாடே தேடியபோது, கடைசியில் அவரைக் கண்டுபிடித்தது ஹாரோகேட் ஹோட்டல் ஒன்றில்தான். கணவர் எந்தப் பெண்ணுக்காக விவாகரத்து கேட்டாரோ, அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரிலேயே அறை எடுத்திருந்தாராம். இந்த ஊர்க்காரர்களுக்கு நாவலாசிரியர்கள் வந்து தங்குவதும் சாப்பிடுவதும் புதிதில்லை என்று முடித்தார்.

பிப்ரவரி 10

மொட்டைமாடிக் கதை எங்கே என்று நெல்லைக்காரர் ஒருவர் விரட்டுகிறார். சொல்கிறேன், அண்ணாச்சி.

போன வருஷம் ஆவணியில். எங்கள் வாசிப்புக் குழுவில் 22 பேர். தூத்துக்குடிப் பக்கத்து இளம் நாவலாசிரியர் ஒருவரைக் கூப்பிட்டோம். புது நாவல் வந்து மூன்று வாரம்தான். நானும் இரண்டு தோழிகளும் சமைப்பது என்று முடிவு. நம் ஊர்ப் பெருமையாக இருக்கட்டும் என்று சொதி வைத்தேன். மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைப்போமே, அது. எட்டுத் தேங்காய், முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம். கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ், பாயசம்.

ஹாரோகேட் முறைப்படி எல்லாம் முடித்து, காபியும் கொடுத்துவிட்டுத் தம்பியைப் பேசச் சொன்னோம். இரண்டு மணி வெயில், மேலே தென்னங்கீற்றுப் பந்தல், லேசான காற்று. சொதி சாப்பிட்டவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பத்தாவது நிமிடம் முன்வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் தலை சாய்ந்தது. அடுத்து இரண்டு பேர். பிறகு ஒரு குறட்டை. தம்பி நல்லவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார், எழுப்பிவிடக் கூடாதாம்! நானே ஒரு நிமிடம் கண் அசந்தேன் என்று இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

முழித்திருந்தவர்களில் ஒருவர் எழுந்தார். அவர் மட்டும் நாவலை வாசித்திருந்தார். கேள்வி கேட்கிறேன் என்று, "அந்தத் தங்கச்சி உப்பளத்தை விற்றுவிட்டுப் போவதாக ஏன் முடித்தீர்கள்?" என்றார். போச்சு. கொண்டுவந்த முப்பது பிரதியில் அன்றைக்கு விற்றது ஆறு.

பிப்ரவரி 10, இரவு

"அப்படியானால் முதல் ஆள் சொன்னது சரிதானே, சோற்றுக்குத்தான் வந்தார்கள்" என்று மூன்று பேர் கைதட்டியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். தூங்கிய தலைமையாசிரியர் மறுநாள் போன் செய்து ஒரு பிரதி கேட்டார். ஏன் சார் என்றேன். "தூங்கிட்டேனே தாயி, என்ன சொன்னான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றார். இது இலக்கிய ஆர்வமா குற்ற உணர்ச்சியா, நீங்களே முடிவு செய்யுங்கள். கணக்கில் ஏழு.

பிப்ரவரி 17

ஒரு வாரமாக எழுதவில்லை. இங்கிலாந்து நாவலை இப்போதுதான் முழுதாக வாசித்து முடித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு, பதினாறு மாதம் தள்ளிப்போட்டு, கடைசியில் உங்களோடு சண்டை போடுவதற்காகவே.

தீர்ப்பு: அவர் வாசித்துக் காட்டிய அந்த இரண்டு பக்கம்தான் புத்தகத்தில் ஆகச் சிறந்தது. பெண் பார்க்க வரும்போது காட்டுகிற முகம் மாதிரி. கதவைத் தட்டியது யார் தெரியுமா? தண்ணீர் வாரியத்தின் கணக்கெடுப்பாளன். இதற்கா அந்த நிறுத்தம்!

பிப்ரவரி 18

ஐயையோ. நேற்று நான் செய்தது என்ன? கதவைத் தட்டியது யார் என்று சொல்லிவிட்டேனே. மொட்டைமாடி ஆளைத் திட்டிய வாயாலேயே. நாவலின் பெயரைச் சொல்லவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

இன்னொன்றும் மாற்ற வேண்டும். ராத்திரி மறுபடி நடுப்பகுதியைப் புரட்டினேன். கல்லறைத் தோட்டத்தைத் தோண்டி எலும்புகளை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் அத்தியாயம். ஒரு சின்னப் பையன் தாத்தாவின் பெட்டி எது என்று கேட்டுக்கொண்டே வண்டியின் பின்னால் நடக்கிறான். அது அந்த இரண்டு பக்கத்தைவிட மேல். விருந்தில் அதை வாசித்திருந்தால் இனிப்புத் தட்டுக்கு முன்னால் யாராலும் உட்கார முடியாது. சாப்பாட்டு மேஜைக்கு என்று ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் போலிருக்கிறது. புத்தகத்துக்குள் வேறு பக்கங்கள் காத்திருக்கின்றன. "ஆகச் சிறந்தது" என்று நேற்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 22

"மதிய விருந்தில் புதுக்கதை பேசுவது நமக்குப் பழக்கமில்லை" என்று ஒருவர் எழுதியதற்கு. எனக்குப் பழக்கம்தான்.

1979இல் நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில், அதாவது வெளியூர் போன் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் இடத்தில், ஆபரேட்டராகச் சேர்ந்தேன். போர்டைக் காலியாக விட முடியாது, அதனால் சாப்பாட்டுக்கு ஐந்து ஐந்து பேராகப் போவோம். டிபன் பாக்ஸைத் திறந்ததும் பேச்சு அந்த வாரத் தொடர்கதைதான். ஒரு பத்திரிகையை நாங்கள் பதினான்கு பேர் சுற்றில் வாசிப்போம். கடைசி ஆள் வாசித்து முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். மீறினால் அடுத்த வாரம் வரிசையில் கடைசி. ஒருத்தி, கதாநாயகியைச் சாகடிக்காதீர்கள் என்று எழுத்தாளருக்குக் கார்டு போட்டாள். பதில் வரவில்லை, கதாநாயகியும் பிழைக்கவில்லை. அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பத்திரிகை பார்சல் தாமதமாகும் வாரங்களில் மதுரை போர்டில் இருக்கும் பெண்ணிடம் லைன் டெஸ்ட் செய்யும் சாக்கில் கேட்போம்: "என்னாச்சு, அவன் கடிதத்தைப் படிச்சானா?" அவள் சொல்ல மாட்டாள். "புளியோதரை" என்பாள். படித்துவிட்டான், ஆனால் நடந்தது புளிப்பு என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அம்மா காலத்திலும் இதுதான். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்தபோது பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்துவைத்த கோடி வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. (கோடி என்பது பேச்சுக்கு. கணக்குக் கேட்காதீர்கள்.)

அங்கே எல்லாரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். அடுத்த வாரம் என்ன என்று வாசகருக்கும் தெரியாது, சில நேரம் எழுதுகிறவருக்கே தெரியாது. ஹாரோகேட்டில் 120 பேரும் ஒரே அளவுக்கு எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அந்த 'தொடரும்' மீது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்றுதான் இப்போது புரியவில்லை. அதிலேயே வளர்ந்தவள் நான்.

பிப்ரவரி 23

இல்லை, புரிகிறது. எக்ஸ்சேஞ்சில் கார்டு போட முடிந்தது. சண்டை போட முடிந்தது. ஹாரோகேட்டில் அச்சாகி, கெட்டி அட்டை போட்டு முடிந்துவிட்ட புத்தகத்தை முடியாததுபோல் காட்டினார்கள். கோபம் அதற்குத்தான். நந்தியைப் பற்றி அவர் கேட்டபோது போய்விட்டது.

மார்ச் 1

முதலில் கேள்வி கேட்ட வாசகர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். பாளையங்கோட்டைக்காரராம்! சமாதானபுரத்தில் இருந்துகொண்டா இவ்வளவு நாள் "நம் ஊரில் நடக்காது" என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள்?

சரி, அடுத்த விருந்து மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. அதே தூத்துக்குடித் தம்பி மறுபடி வருகிறார். "இந்த முறை முழித்திருப்பீர்களா அக்கா?" என்று கேட்டார், ஆக அன்றைக்குப் பார்த்துவிட்டார். பேச்சு பதினொன்றரைக்கு, சாப்பாடு அதற்குப் பிறகு. சொதி கிடையாது. சாம்பார், ரசம், அவியல், அப்பளம். இன்னும் அச்சுக்குப் போகாத நாவலிலிருந்து ஒரு அத்தியாயம் கொண்டுவருகிறார், முடிவு அவருக்கே தெரியாதாம். தலைக்கு 120 ரூபாய்.

மார்ச் 1, இரவு

கேட்டவர்களுக்கு: இடம் 25 பேருக்குத்தான், இதுவரை 17. தலைமையாசிரியர் முன்வரிசையையே கேட்டிருக்கிறார். மாடிப்படியில் ஒரு பக்கம் கைப்பிடி இல்லை, முட்டி வலி உள்ளவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கீழே ஹாலில் போட்டுவிடலாம். இலை வாங்கவும் தேங்காய் உரிக்கவும் யாராவது சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் நல்லது.